நான்கு லட்டு, பத்துப் பாடம்

பிள்ளைகளே,

இந்த ஜூனில் மட்டாஞ்சேரியில் நம் சங்கத்து அறையில், லேப்டாப்புக்குப் பின்னால் நீங்கள் மூன்று பேரும் உட்காரப் போகிறீர்கள். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து, கல்லூரியில் இடம் கிடைத்து, முதல் செமஸ்டருக்கு என்னென்ன பாடம் எடுப்பது என்று புரியாமல் அந்தப் படியேறி வருவார்கள். ரிடையர் ஆன நாளிலிருந்து அந்த மேஜையில் நான் இருந்தேன். இனி நீங்கள். போர்ட்டலைத் திறப்பது, ஓடிபி வராவிட்டால் என்ன செய்வது, போட்டோவைச் சின்னதாக்குவது எல்லாம் நீங்கள் எனக்குச் சொல்லித் தந்த வித்தை. அதை நான் திருப்பி உங்களுக்கே சொன்னால் சிரிப்பீர்கள். அதை விட்டுவிடுவோம்.

நான் சொல்ல வருவது வேறு. உங்கள் முன்னால் உட்கார்ந்து "எத்தனை எடுக்கலாம்?" என்று கேட்பது பெரும்பாலும் பிள்ளையாக இருக்காது, கூட வந்த அப்பாவாக இருக்கும். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். கல்யாணப் பந்தியில் முதல் வரிசையில் இலை கிடைத்தவர் முகம் போல. அந்த முகத்தைக் கண்டால் கொஞ்சம் பயப்படுங்கள். அதே முகத்தோடு நான் ஒரு நாள் கல்லூரி முழுக்கச் சுற்றி வந்திருக்கிறேன். அதனால் என் பெண் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கப்பா, ஆனா என்னைப் பாவம் போல எழுதாதீங்க" என்றாள். சரி என்றேன்.

நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன். எறணாகுளத்தில், காயலுக்கு அக்கரையில் ஒரு கல்லூரி ஆபீஸில் இருபத்தொன்பது வருடம் அட்டெண்டர் வேலை பார்த்தேன். சர்க்குலரைத் துறை துறையாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது, நோட்டீஸ் ஒட்டுவது, பெல் அடிப்பது, சாயா வாங்கி வருவது. அங்கே எல்லோரும் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். மலையாளிகளுக்குத் தமிழன் என்றால் அண்ணாச்சிதானே. இருபத்தொன்பது வருடத்தில் நான் அதிகம் சொன்ன சொல் "சரி சார்", அதற்கடுத்தது "சரி டீச்சர்". முடியாது என்ற சொல்லுக்கு என் வேலையில் இடமே வரவில்லை. அது நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் கடைசி வருட சர்வீஸில் என் மகள் ரேஷ்மாவுக்கு அதே கல்லூரியில் சீட்டு கிடைத்தது. எகனாமிக்ஸ். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் படிக்கப் போகிற முதல் ஆள். நான் கல்லூரிக்குள் போய்க்கொண்டுதான் இருந்தேன், ஆனால் வகுப்பு நடக்கும்போது கதவுக்கு வெளியே நிற்கிறவன். சந்தோஷம் தாங்கவில்லை. மட்டாஞ்சேரி போட் ஜெட்டியில் படகு ஏறும்போதே தெரியாத ஆட்களிடமெல்லாம் சொன்னேன். ஒரு பெரிய டப்பா லட்டு வாங்கி, காலையிலேயே துறை துறையாகக் கிளம்பினேன். சர்க்குலர் இல்லாமல் நான் துறைக்குள் நுழைந்தது அதுதான் முதல் முறை.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நாலு வருடப் பட்டப்படிப்பு வந்த பிறகு ஒரு செமஸ்டருக்கு ஆறு பாடம் கட்டாயம். அது போக ஒவ்வொரு துறையும் தனியாக ஒரு குட்டி சர்ட்டிபிகேட் கோர்ஸ் நடத்தும். காலையில் வகுப்புக்கு முன்னால், நடுவில் வகுப்பில்லாத மணியில், மாலையில், சனிக்கிழமையில். விருப்பம் இருப்பவர்கள் சேரலாம். எங்கள் கல்லூரியில் பதினைந்து பேர் சேராவிட்டால் அந்தக் கோர்ஸ் நடக்காது. நடக்காவிட்டால் பிரின்சிபால் அந்தத் துறையைக் கூப்பிட்டுக் கேட்பார். ஆகவே ஜூன் மாதம் வந்தால் எல்லா டீச்சரும் ஆள் பிடிக்க அலைவார்கள். நான் லட்டு டப்பாவோடு நேராக அவர்கள் நடுவில் போய் நின்றேன்.

முதலில் பாட்டனி டீச்சர்.

"எந்தா அண்ணாச்சி, லட்டு? லாட்டரி அடிச்சோ?"

"அதுக்கும் மேல டீச்சர். மோளுக்கு இங்கயே சீட்டு!"

"ஆஹா!" என்று லட்டை வாயில் போட்டவர், அதை விழுங்குவதற்குள் ஒரு பேப்பரை இழுத்தார். "அப்போ அவளெ என்றெ கூண் கோர்ஸில் சேர்க்கணும் கேட்டோ. பதினாலு பேர் ஆயி. ஒராள் கூடி மதி."

கூண் என்றால் காளான். காளான் வளர்ப்புக்கு ஒரே ஒரு ஆள் குறைகிறது, அந்த ஆள் என் பெண். எனக்குப் பெருமை தலைக்கேறியது. "சரி டீச்சர்" என்றேன்.

அடுத்தது ஹிஸ்டரி சார். யூதர் தெருவான ஜூ டவுன் மாதிரி இடங்களை டூரிஸ்டுகளுக்குச் சுற்றிக் காட்டும் கைடு கோர்ஸ், சனிக்கிழமை. "மட்டாஞ்சேரிக்காரியல்லே! ஜூ டவுன் அவளுக்கு வீட்டு முற்றம் போலெ. படிக்கவே வேண்டா அண்ணாச்சி, வந்து நின்னா மதி." சரி சார்.

பிசிக்ஸ் சார் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்தபடி கேட்டார்: "அண்ணாச்சி, நட்சத்திரம் பார்க்க இஷ்டமில்லாத்த குட்டிகள் உண்டோ?"

"இல்ல சார்."

"எங்கில் பேரெழுது."

எழுதினேன். என் பெண் பெயரை இங்கிலீஷில் நானே எழுதினேன், ஸ்பெல்லிங் தப்பில்லாமல்.

கடைசியில் சமஸ்கிருத டீச்சர். அவர் சத்தமாகப் பேசவே மாட்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானேதான், மூன்று துறைக்குக் கொடுத்துவிட்டு இவருக்கு இல்லை என்றால் வருத்தப்படுவாரே என்று, "டீச்சர், உங்க பேச்சு சமஸ்கிருதம் கோர்ஸிலயும் மோளைச் சேர்த்துக்கோங்க" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. லட்டுக்கா பெண்ணுக்கா என்று தெரியவில்லை.

நாலு துறை, நாலு லட்டு, நாலு வாக்கு. கட்டாயப் பாடம் ஆறு. ஆக மொத்தம் பத்து.

ஆபீஸில் இந்தப் பெயர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற செக்‌ஷன் மேடம் ஒருத்தர் இருந்தார். அதிகம் பேசாதவர். நாலு தாளையும் வரிசையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, மோளுக்கு ஊணு கழிக்கான் சமயமுண்டோ?"

பெண்ணுக்குச் சாப்பிட நேரம் இருக்கிறதா என்று கேட்கிறார். "படகுல சாப்பிட்டுக்குவா மேடம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அது கேள்வியாகவே படவில்லை, ஜோக்காகப் பட்டது. பிள்ளைகளே, உங்கள் மேஜையில் யாருக்காவது பாடக் கணக்குப் போடும்போது முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். நான் இத்தனை வருடம் கேட்டுப் பார்த்த வரையில் இதைவிட நல்ல கேள்வி இல்லை.

வீட்டில் வந்து சொன்னபோது என் வீட்டுக்காரி சாந்தா சுக்கு வாசனையோடு அப்போதுதான் வந்திருந்தாள். அவளுக்கு ஜூ டவுன் பக்கம் ஒரு குடோனில் இஞ்சி, சுக்கு தரம் பிரிக்கிற வேலை.

"பத்தா?"

"பத்து."

"லட்டுக் குடுக்கப் போன மனுஷன் பிள்ளையைப் பங்கு வச்சுக் குடுத்துட்டு வந்திருக்காரு" என்றாள்.

ரேஷ்மா சிரித்தாள். "காளானா! கொள்ளாமே அப்பா!" என்றாள். நல்லாயிருக்கே என்று அர்த்தம். அவளுக்கும் அன்றைக்குத் தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பதினெட்டு வயசு, புதுப் பை, புதுச் செருப்பு. பத்து என்ன, இருபது என்றாலும் தலையாட்டியிருப்பாள். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் ஒரு மாதம் எங்கள் வீடு திருவிழாதான். காலை எட்டு மணிக்குக் காளான் வகுப்பு என்பதால் ஆறே முக்காலுக்கே படகுக்கு ஓடுவாள். வைக்கோல் அடைத்த ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து குளியலறையில் தொங்கவிட்டாள். ஈரமான, இருட்டான இடம் வேண்டுமாம். பத்தாம் நாள் அதிலிருந்து வெள்ளை வெள்ளையாகக் காது முளைத்தது. "குளிக்கப் போனா அது என்னையே கேட்டுக்கிட்டு இருக்குது" என்று சாந்தா போர்வையைக் கொண்டு மூடிவிட்டாள். தலை பின்னும்போது "ராம: ராமௌ ராமா:" என்று ரேஷ்மா ஒப்பிப்பாள். மூன்றாம் வாரம் நானும் சேர்ந்து ஒப்பித்தேன், ஷேவ் பண்ணிக்கொண்டே. சனிக்கிழமை ஜூ டவுனில் வெள்ளைக்காரர்களைப் பிடித்து வைத்துப் பயிற்சி செய்வாள். பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் வாசலில் நின்று, "மோளே, பேசினது மதி, அவங்களைக் கடைக்குள்ள கூட்டிட்டு வா" என்று கத்துவார்.

நட்சத்திர வகுப்புதான் உச்சம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில். ஜூலை மாதம் கொச்சியில் வானத்தை யார் பார்த்தது? பதினாறு பிள்ளைகளும் சாரும் குடை பிடித்துக்கொண்டு மேகத்தைப் பார்ப்பார்கள். "இன்னிக்கு என்ன பாத்தே?" என்று கேட்டால், "மழை" என்பாள். அடுத்த வாரமும் மழை. அதற்கடுத்த வாரம், "இன்னிக்கு வேற, அப்பா. பெரிய மழை."

நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். அதுதான் ஆபத்து. கஷ்டம் அழுதுகொண்டு வந்தால் யாருக்கும் தெரியும். இது சிரித்துக்கொண்டு வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் படகு வேலைக்காரர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணாச்சி, மோள் இவிடெ நல்ல ஒறக்கம். மட்டாஞ்சேரி வந்து, திரும்பி எறணாகுளம் போயி, பின்னையும் மட்டாஞ்சேரி வந்நு. எழுப்பணோ, வேண்டயோ?" எழுப்பட்டுமா என்று கேட்கிறார். மூன்று முறை காயலைக் கடந்திருக்கிறாள், ஒரு முறைகூடக் கண் திறக்கவில்லை. அதையும் நாங்கள் கதையாகச் சொல்லிச் சிரித்தோம். அடுத்த நாள் அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததை நான் பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன். மழைக்காலத்தில் வெயில் எங்கே இருந்து வந்தது என்று நினைக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். எகனாமிக்ஸ் துறையிலிருந்து ஒரு நோட்டீஸ் ஒட்டக் கொடுத்தார்கள். முதல் டெஸ்டில் மார்க் குறைந்தவர்களுக்கு நாளை முதல் காலை எட்டு மணிக்குத் தனி வகுப்பு. அதற்கு வராதவர்களுக்கு இன்டர்னல் மார்க்கைத் திருத்த வழியில்லை. கீழே பெயர்கள். நான் நாலு மூலையிலும் பின் குத்தினேன். கடைசிப் பின்னைக் குத்தும்போது என் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. விரலை எடுத்தேன். ரேஷ்மா.

அதற்குப் பக்கத்திலேயே போன வாரம் நான் ஒட்டிய இன்னொரு நோட்டீஸ் இருந்தது. சர்ட்டிபிகேட் கோர்ஸிலிருந்து விலகுகிறவர்கள் அந்தந்த டீச்சரிடம் கையெழுத்து வாங்கி, ஆபீஸில் கொடுக்க வேண்டிய கடைசி நாள். அது அன்றைக்குத்தான். நாலு மணி வரை. அதற்குப் பிறகு விலக முடியாது, வராத வகுப்பெல்லாம் வருகைப் பதிவில் ஏறும். மணி இரண்டேகால்.

கேண்டீனுக்கு ஓடினேன். அவள் ஒரு மூலையில் பரிப்பு வடையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை.

"லிஸ்ட் பாத்தீங்களாப்பா?"

"நான்தானே ஒட்டினேன்."

"ஓ." வடையை இன்னும் கொஞ்சம் பிய்த்தாள். பிறகு சொன்னாள்: "நான் ஒரு காரியம் யோசிச்சு வச்சிருக்கேன். எகனாமிக்ஸ விட்டுட்டு வேற ஏதாவது ஈசியான மேஜருக்கு மாறிக்கலாம்னு. ரெண்டு சார்கிட்ட கேட்டேன், முடியும்னாங்க."

"எகனாமிக்ஸ் பிடிக்கலையா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அதுதானேப்பா எனக்கு இஷ்டம். அதுக்குத்தானே வந்தேன். புத்தகத்தைத் திறந்தா ஒறக்கம் வருது. பயங்கர ஷீணம்."

"பின்னே ஏன் அதை விடணும்? காளானை விட்டுரு. நட்சத்திரத்தை விட்டுரு."

"அதெல்லாம் நீங்க வாக்குக் குடுத்ததுல்லே?" என்றாள். "எகனாமிக்ஸுக்கு நீங்க யாருக்கும் வாக்குக் குடுக்கலையே. அதை விட்டா உங்களுக்குக் கொறச்சல் இல்ல."

பிள்ளைகளே, என் சர்வீஸில் பிரின்சிபால் என்னைத் திட்டியிருக்கிறார், மேனேஜர் மெமோ கொடுத்திருக்கிறார். எதுவும் இப்படி உறைக்கவில்லை. அப்பா பெயர் கெடக் கூடாது என்று, தனக்குப் பிடித்த ஒரே பாடத்தைத் தூக்கிப் போட உட்கார்ந்திருக்கிறாள், வடையைப் பிய்த்துக்கொண்டு. "நீ இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு விலகல் படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவளிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அது தப்பு. அது கொஞ்ச நேரத்தில் தெரியவரும்.

பாட்டனி துறை வாசலில் போய் நின்றேன். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை: "டீச்சர், சாயா வேணுமா?"

"ஆ, ஆவாமல்லோ" என்றார்.

போய்ச் சாயா வாங்கி வந்தேன். பத்து நிமிஷம் போயிற்று. வைத்துவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தேன். "சர்க்கரை போதுமா டீச்சர்?"

"எந்து பற்றி அண்ணாச்சி, போகுந்நில்லே?" என்ன ஆச்சு, இன்னும் போகவில்லையா என்று அவர் கேட்ட பிறகுதான் தாளை நீட்டினேன். அவர் படித்தார். முகம் வாடிவிட்டது.

"பதினாலாயால் க்ளாஸ் போகும், அண்ணாச்சி. என்னோடு ஒரு வாக்கு பறஞ்சதல்லே?"

தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் என் கை போனது. இருபத்தொன்பது வருடப் பழக்கம், கை தானாகப் போகும். அதைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "டீச்சர், பதினைஞ்சாவதா அவ பேரை எழுதினது நான். அவ எழுதல. எழுத எனக்கு அதிகாரமில்ல. நாளைக் காலைல எட்டு மணிக்கு அவ எகனாமிக்ஸ் வகுப்புல இருக்கணும். முடியாது டீச்சர்."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. டீச்சர் கையெழுத்துப் போட்டார். ஒன்றை மறைக்கக் கூடாது: அந்த செமஸ்டரில் காளான் வகுப்பு நின்றுதான் போயிற்று, டீச்சர் என்னோடு இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முடியாது என்பது சும்மா கிடைக்கிற சொல் இல்லை. ஜூன் மாதமே சொல்லியிருந்தால் அவருக்கு வேறு ஆள் தேட நேரம் இருந்திருக்கும். தாமதமாகச் சொன்னதால்தான் அந்தச் சேதம்.

ஆனால் முதல் முடியாதுக்குப் பிறகு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. படி இரண்டிரண்டாக ஏறினேன். ஹிஸ்டரி சாரிடம் கதவிலிருந்தே சொன்னேன்: "சார், முடியாது சார்!" அவர் பயந்துவிட்டார். "எந்து முடியாது? ஆருக்கு?" விஷயம் தெரிந்ததும், "அதுக்கு எந்தினா இங்ஙனெ அலறுந்நது" என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்திட்டார். பிசிக்ஸ் சாரோ தாளைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அண்ணாச்சி, சத்யம் பறயட்டே? எனிக்கும் மடுத்து. ஆறு வெள்ளிக்கிழமை, ஆறு மழை." அவருக்கும் அலுத்துவிட்டதாம். சமஸ்கிருத டீச்சர் மூன்றாவது மாடி. அவர் மெதுவாகத் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார். நாலும் ஆயிற்று. மணி மூன்றே முக்கால் தாண்டியிருந்தது. யுத்தம் ஜெயித்தவன் போல ஆபீஸ் வராந்தாவுக்கு இறங்கி வந்தேன். ரேஷ்மா அங்கே நின்றிருந்தாள். தாளை அவள் முன்னால் விரித்துக் காட்டினேன்.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் சிரிப்பு நின்றது.

"அப்பா, சமஸ்கிருதத்தை ஆரு வெட்டச் சொன்னது?"

"நாலையும் வெட்டிட்டேன். மிச்சம் ஆறு. நிம்மதி."

"ஐயோ அப்பா! அது எனக்கு வேணும்! புதன்கிழமை எங்களுக்கு வகுப்பே இல்லாத ஒரு மணி நேரம்தான் அது. வாரத்துல நான் சிரிக்கிற ஒரே மணி நேரம்! ஆறு இல்ல, ஏழு வேணும் எனக்கு!"

சேர்க்கும்போதும் கேட்கவில்லை, வெட்டும்போதும் கேட்கவில்லை. வராந்தாவில் நின்று இந்த இரண்டும் ஒரே தப்பு என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

செக்‌ஷன் மேடம் ஜன்னல் வழியாகச் சொன்னார்: அந்த ஒரு வரியை அடித்து, பக்கத்தில் டீச்சர் சின்னக் கையெழுத்துப் போட்டால் போதும். நாலு மணி பெல் அடித்ததும் ரிஜிஸ்டரை மூடிப் பிரின்சிபால் அறைக்கு அனுப்பிவிடுவார். மணி மூன்று ஐம்பத்தாறு. மூன்றாவது மாடி. நான் ஓடத் திரும்பினேன், அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு மணி பெல் அடிக்க வேண்டிய ஆள் நான்.

இரண்டு இடத்தில் நிற்க முடியாது. தாளை ரேஷ்மா கையில் கொடுத்தேன். "உன் பாடம். நீ ஓடு. என் வேலை இங்க."

அவள் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஓடினாள். நான் பெல் ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. மேலே எங்கேயோ செருப்புச் சத்தம். நாலு. என் விரல் அழுத்தவில்லை. செக்‌ஷன் மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார். நாலு ஒன்று. வகுப்புகளில் பிள்ளைகள் பையை மூடிவைத்துக்கொண்டு காத்திருப்பது எனக்குக் கேட்டது, சத்தம் இல்லாமலே கேட்டது. நாலு இரண்டு. படியில் தடதடவென்று ஒரு இறக்கம். ரேஷ்மா வந்து தாளை ஜன்னலில் அறைந்தாள். முத்திரை விழுந்தது. நான் பெல்லை அழுத்தினேன். அழுத்தினவன் விரலை எடுக்க மறந்துவிட்டேன், அது பாட்டுக்கு அலறியது.

பிரின்சிபால் வெளியே வந்தார். "அண்ணாச்சி, பெல்லுக்கு எந்து பற்றி?"

"க்ளாக் கொறச்சு ஸ்லோ ஆணு, சார்" என்றார் மேடம், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"இல்ல சார்" என்றேன். "கடிகாரம் சரிதான். நான்தான் லேட். எம் பொண்ணு வர்றதுக்காக நின்னேன்."

அவர் என்னையும் பார்த்தார், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ரேஷ்மாவையும் பார்த்தார். "இனி உண்டாவருது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். இனிமேல் நடக்கக் கூடாது என்பது. நடக்கவில்லை. நீங்களும் இதைப் பார்த்துப் பழகாதீர்கள். ஊருக்கு அடிக்கிற பெல்லை ஒருத்தருக்காகப் பிடித்து வைப்பது தப்புதான். பிடித்து வைத்ததற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

இதை எதற்கு எழுதினேன் என்றால், மேஜையில் உட்காரும்போது நீங்கள் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். சிலருக்கு ஆறு மட்டும் போதும். படகேறி வருகிற பிள்ளைக்கு ஒரு கணக்கு, பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற பிள்ளைக்கு ஒரு கணக்கு. ஒரு பாடம் அதிகமாக இருந்தாலும் அது இளைப்பாறுகிற பாடமாக இருக்கலாம். அப்பாவை ஒரு சாயா குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்புங்கள். அவர் போக மாட்டார், இன்னொரு முறை சொல்லுங்கள். அவர் படியிறங்கிய பிறகு லேப்டாப்பைப் பிள்ளை பக்கம் திருப்புங்கள். அவசரப்படாமல் காத்திருங்கள். முதல் நிமிஷம் ஒன்றும் பேசாது. இரண்டாவது நிமிஷம் பேசும்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே படகில் வீட்டுக்கு வந்தோம். பெல் அலறியதை நினைத்து நினைத்து ரேஷ்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். திடீரென்று அவள் கேட்டாள்: "அடுத்த செமஸ்டருக்கு ஆருக்காவது வாக்குக் குடுத்திருக்கீங்களா?"

"இல்ல."

"சத்தியமா?"

"கெமிஸ்ட்ரி சார் வராந்தாவுல பிடிச்சாரு. சோப்பு செய்ற கோர்ஸாம். 'மோளைச் சேருங்க அண்ணாச்சி'ன்னாரு."

"அப்பா!"

"அவகிட்டயே கேளுங்க சார்னு சொல்லிட்டேன். நாளைக்கு உங்கிட்ட வருவாரு."

அவள் சிரிப்பு போய்விட்டது. "என்கிட்டயா? நான் எங்ஙனெ சொல்றது? சார் முகத்தைப் பாத்தா எனக்கும் 'சரி சார்'தான் வரும்."

"அதனாலதான் சொல்றேன். இப்பவே சொல்லிப் பாரு."

"இங்கயா?"

"இங்கதான். நான்தான் கெமிஸ்ட்ரி சார்." நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். "மோளே, சோப்பு கோர்ஸில் சேருந்நோ?"

"வேண்டாம் சார்" என்றாள், மூக்குக்குள்ளேயே.

எதிரில் காலி மீன் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சேச்சி கையை நீட்டிச் சொன்னாள்: "கொறச்சு ஒறக்கெ பற, மோளே! இவிடெ கேட்டில்லா." சத்தமாகச் சொல்லச் சொல்கிறாள்.

"வேண்டாம் சார்!"

"இன்னும் ஒறக்கெ!" இது படகு ஓட்டுகிற இடத்திலிருந்து.

ரேஷ்மா எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காற்று அவள் முடியை வாயில் கொண்டுவந்து போட்டது, அதைத் துப்பிவிட்டு, காயலுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"வேண்டாம் சார்!"

படகில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். சேச்சி பாத்திரத்தைத் தட்டினாள். நான் காலரை இறக்கிவிட்டு, "சரி மோளே" என்றேன்.